ஒரே உதையில் ஸ்டார்ட் ஆன பைக்

அத்தியாயம் 5

"மூன்று மணிக்கு ட்ரக் வரும். அதற்குப் பிறகு இங்கே வந்து நிற்க வேண்டாம்" என்றார் சார்ஜன்ட் ஹீன்கெந்த, பஸ் நேரம் சொல்லும் ஆளைப் போல.

அந்த ட்ரக்கில் கறுப்பையாவை ஏற்றி விசாரணைக்கென்று கொழும்புக்குக் கொண்டுபோவார்கள். இது யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். அப்படிக் கொண்டுபோகப்பட்டவர்களில் சிலர் ஆறு மாதத்தில் திரும்பினார்கள், சிலர் இரண்டு வருடத்தில் திரும்பினார்கள். சிலரைத் தேடிப் போன அண்ணன் தம்பிகளையும் பிறகு தேட வேண்டி வந்தது. நேரம் அப்போது பதினொன்று பத்து.

கண்டிக்குப் பக்கத்தில் ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலில் நாங்கள் மூன்று பேர் நின்றுகொண்டிருந்தோம். எந்த நிலையம் என்று எழுதமாட்டேன். நான் இன்றைக்கும் அதே தெருவில்தான் ஹயர் ஓடுகிறேன்.

மூவரில் முதல் ஆள் மிஸ் பத்மாதேவி. யாழ்ப்பாணத்தில் பிறந்து கண்டியில் முப்பது வருடமாக இருப்பவர். மோதிய வாகனம், எரிந்த வாகனம், களவு போய்விட்டதென்று சொல்லி மாமனாரின் மாட்டுக் கொட்டிலில் ஒளித்து வைத்த வாகனம் எல்லாவற்றையும் சோதித்து இன்சூரன்ஸ் கம்பனிகளுக்கு அறிக்கை எழுதுவது அவருடைய தொழில். ஆட்கள் இரகசியமாகக் கொண்டுவரும் வில்லங்கங்களை அவிழ்த்துக் கொடுப்பது அவருடைய ஆசை. இரண்டாவது ஆள் நான், வீரையா. மிஸ்ஸுக்கு த்ரீவீலர் ஓட்டுகிறேன். கேட்காத நேரத்திலும் பேசுவேன்.

மூன்றாவது ராக்கம்மா, கறுப்பையாவின் மனைவி, ஹேவாஹெட்டைத் தோட்டத்துப் பெண். அவள் கையில் ஒரு சோற்றுப் பார்சல் இருந்தது. மூன்று நாளாக அதை உள்ளே வாங்கவில்லை. மூன்று நாளும் புதிதாகக் கட்டிக்கொண்டுதான் வந்தாள்.

கேஸ் இவ்வளவுதான். கறுப்பையா கண்டி டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை பார்க்கிறான். அவனிடம் நூறு சீ.சீ. சைனா பைக் ஒன்று உண்டு. அதன் பெயரை இரண்டு பேர் ஒரே மாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. ஜப்பான் பைக்கின் பாதி விலைக்குக் கிடைக்கிறதென்று ஆசைப்பட்டு வாங்குவார்கள். அதற்குப் பிறகு சட்டைப் பையில் ஒரு ப்ளக், ஒரு ப்ளக் ஸ்பானர், ஒரு கிளச் கேபிள் இல்லாமல் கலியாண வீட்டுக்குக்கூடப் போகமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, எடுத்து நாலு கிலோமீட்டர் ஓடியதும், குண்டசாலை ரோட்டில் ஒரு மதகுக்குப் பக்கத்தில் அந்த பைக் நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்தும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஓரமாக நிறுத்தி, திறப்பை, அதாவது சாவியை, அதிலேயே விட்டுவிட்டு, போன் பண்ண ஒரு கொமினிகேஷன் கடையைத் தேடி நடந்தான். அன்றைக்குப் பார்த்து அந்த ரோட்டால் ஒரு பெரிய புள்ளி போக இருந்தார். மதகு, ஆளில்லாத பைக், நம்பரை விசாரித்தால் சொந்தக்காரன் தமிழன். பிறகு கேட்க வேண்டுமா? ரோட்டை மூடினார்கள். பைக்கை அக்குவேறு ஆணிவேறாகச் சோதித்தார்கள். ஒரு வெங்காய வெடிகூடக் கிடைக்கவில்லை. கடைசியில் ஹீன்கெந்த கிக்கரை ஒரு உதை விட்டார். பைக் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிவிட்டது.

சரியாக அந்த நேரம் கறுப்பையா திரும்பி வந்தான். "சேர், அது என்னோட பைக்குங்க. ரிப்பேராகிக் கெடக்கு" என்று தானாகவே கூட்டத்துக்குள் புகுந்தான். ஓடியிருந்தால் தப்பியிருப்பான். ஓடுவதற்குக் காரணம் இருக்கிறதென்றே அவனுக்குத் தோன்றவில்லை.

நல்ல பைக்கை மதகடியில் விட்டுவிட்டுப் போனவன் குண்டு வைக்க ஒத்திகை பார்த்தவன் என்று எழுதி, சட்டைப் பையில் இருந்த ப்ளக் ஸ்பானரையும் சாட்சியாகச் சேர்த்து, கேஸை முடித்துவிட்டார்கள்.

"ஆளைப் பார்க்க முடியாது" என்றார் ஹீன்கெந்த மறுபடியும்.

"ஆளை யார் கேட்டது?" என்றார் மிஸ். "நான் பைக்கைப் பார்க்க வந்தேன். அது எங்கள் கம்பனியில் இன்சூரன்ஸ் செய்த வாகனம். அதற்கு ஒரு கீறல் விழுந்தாலும் நான் அறிக்கை எழுத வேண்டும். இதோ கடிதம்."

இருவரும் பேசியது சிங்களத்தில். சார்ஜன்டின் சில சொற்களைத் தமிழில் எழுதினால் அச்சுக் கோர்க்கிறவர் வேலையை விட்டுப் போய்விடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடிதத்தில் இருந்த முத்திரை பெரியது. அதைப் பார்த்துவிட்டு ஹீன்கெந்த என் பக்கம் திரும்பினார். "இவன் யார்? ஐடென்டியை எடு."

கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாவலப்பிட்டியா? தோட்டத்துக்காரனா?"

"ஆமாங்க சேர். தேயிலை பறிக்கிறது நாங்க, குடிக்கிறது நீங்க" என்றேன், நானும் சிங்களத்தில்.

அட்டை என் முகத்தில் வந்து விழுந்தது. குனிந்து எடுத்துக்கொண்டேன். அவர் வேறு எதையாவது எறிவதற்கு முன் மிஸ் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"வீரையா, உமக்கு நாக்கு ஒரு நாளைக்கு எண்டாலும் லீவு எடுக்காதோ?"

"அதுக்கு இன்னும் லீவு பாஸ் ஆகலைங்க மிஸ்."

பின்முற்றத்தில் பைக் நின்றது. ஹெட்லைட்டில், நம்பர் பிளேட்டில், பெற்றோல் டாங்க் மூடியில் என்று எங்கு பார்த்தாலும் சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. திங்கட்கிழமை ஆயுத பூசை. எங்கள் பக்கத்தில் மண்வெட்டி முதல் லொறி வரைக்கும் பொட்டு வைப்போம். சில பேர் சின்னதாக வைப்பார்கள். ராக்கம்மா அப்படிப்பட்டவள் இல்லை போலிருக்கிறது. காய்ந்து சுவர்ப் பூச்சு மாதிரி இறுகியிருந்தது.

"பாருங்கள்" என்று ஹீன்கெந்த கிக்கரை உதைத்தார். ஒரே உதை. பைக் கடகடவென்று இரைந்தது. அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தால் அவரே பெற்ற பிள்ளை பரீட்சை பாஸ் பண்ணியது போல இருந்தது. "எங்கே ரிப்பேர்? காட்டுங்கள் பார்க்கலாம்."

மிஸ் எஞ்சினைப் பார்க்கவில்லை. டாங்க் மூடியின் மேல் குனிந்து மூக்கு முட்டுகிற அளவுக்குப் பார்த்தார். திறப்பு போடுகிற துவாரத்தில் மட்டும் சந்தனம் கத்தி முனையால் சுரண்டப்பட்டிருந்தது. மற்ற இடமெல்லாம் இறுகியபடியே இருந்தது.

"இந்த மூடியைத் திறந்தது யார்?"

"நான்தான். உள்ளே குண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டாமா?"

"கெட்டிக்காரர். கிக்கரை உதைத்தது மூடியைத் திறப்பதற்கு முன்பா, பின்பா?"

"பின்புதான். அதிலே என்ன?"

"ஒன்றுமில்லை. அறிக்கைக்கு வேண்டும். பைக்கை இங்கே எப்படிக் கொண்டுவந்தீர்கள், ஓட்டியா?"

"சாட்சிப் பொருளை ஓட்டுவோமா? ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு வந்தோம்."

மிஸ் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை என்று அர்த்தம். வாசலுக்கு வந்ததும் ராக்கம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, உம்மட மனுசன் போன் எடுக்கப் போனது ஆருக்கு?"

"பாஸ் ஒருத்தரு இருக்காருங்க மிஸ், பைக் செய்யிறவரு. சாஹுல் ஹமீதுன்னு. குண்டசாலப் பக்கம்."

த்ரீவீலரை எடுத்தேன். வழியில் இரண்டு செக் பொயின்ட். இரண்டிலும் இறங்கி, அட்டையைக் காட்டி, சீட்டைத் தூக்கிக் காட்டி, மிஸ்ஸின் ஹேண்ட்பேக்கைத் திறந்து காட்டி, ஏறினோம். சிங்களக் குடும்பம் ஒன்று எங்களுக்குப் பின்னால் வந்த வேனுக்குள் இருந்தபடியே கடந்து போனது. நான் கோபத்தில் கியரைப் பிடுங்கிவிடாமல் இருந்ததே பெரிய காரியம்.

சாஹுல் ஹமீதின் கராஜ் ஒரு ஷட்டர் போட்ட சின்னக் கடை. எங்களைக் கண்டதும் பாதி ஷட்டரை இறக்கிவிட்டார்.

"எனக்கு ஒண்டும் தெரியா. நேத்தும் ரெண்டு பேரு வந்து கேட்டுட்டுப் போன. எனக்குப் புள்ளயள் மூணு ஈக்கிது" என்றது ஷட்டருக்குக் கீழே தெரிந்த கால்.

"பாஸ்" என்றார் மிஸ், குனிந்து. "ஆளைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. உங்கட பேரை எங்கயும் எழுதவும் மாட்டன். நூறு சீ.சீ. சைனா பைக். நாலு கிலோமீட்டர் ஒழுங்கா ஓடி, பிறகு இழுவை குறைஞ்சு நிக்குது. ப்ளக்கைக் கழட்டினா நனைஞ்சிருக்குமோ, காய்ஞ்சிருக்குமோ?"

மெக்கானிக்கிடம் மனிதனைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காது. கோளாறைப் பற்றிக் கேட்டால் வாய் மூடாது. ஷட்டர் ஒரு முழம் மேலே போனது.

"காஞ்சி ஈந்த எண்டுதான் அவரு செல்லின. காஞ்சா பெற்றோல் வரல்ல எண்டுதானே அர்த்தம்? அப்ப காபரேட்டர்ல குப்ப அடச்சீக்கும் எண்டு நான் செல்லினேன்."

"டாங்கில பெற்றோல் இருக்குதோ எண்டு பார்க்கச் சொல்லேல்லையோ?"

"கேட்டேன் மிஸ். 'பூசைக்கி மொத நாள் கழுத்து வரைக்கும் நெரப்பினேன், மூடிய தொறக்கவே இல்ல, சாமி பொட்டு வச்சீக்கி, அத ஒடைக்கக் கூடாது' எண்டு செல்லினாரு." அவர் ஒரு அழுக்குத் துணியை எடுத்துத் துடைத்த கையையே திரும்பத் திரும்பத் துடைத்தார். "நான் வாரேன் எண்டுதான் செல்லினேன் மிஸ். வந்தேன். ரோட்ட மூடி ஆர்மி நிண்டத்தக் கண்டு திரும்பிட்டேன். அந்தப் புள்ள என்ன நம்பித்தான் மதகடிக்குத் திரும்பிப் போயீக்கி."

மிஸ் அவரைத் திட்டவில்லை. நானும் திட்டவில்லை. அந்த ரோட்டில் அன்றைக்கு நான் இருந்தாலும் திரும்பித்தான் போயிருப்பேன்.

த்ரீவீலரில் ஏறியதும் மிஸ் கேட்டார். "வீரையா, பால் டின்னுக்கு நீர் எத்தனை ஓட்டை போடுவீர்?"

"ரெண்டுங்க. ஒண்ணு போட்டா பால் ஊத்தாதே."

"ஏன்?"

"ஒரு பக்கம் காத்து போனாத்தானே மறுபக்கம் பால் வரும்."

"அதேதான். பெற்றோல் டாங்குக்கும் மூடியில ஒரு காத்து ஓட்டை இருக்கு. சைனாக்காரன் அதை ஊசி முனை அளவுக்குத்தான் வைக்கிறவன். ராக்கம்மா சந்தனத்தைக் குழைச்சு அதுக்கு மேல அப்பிப்போட்டா. காத்து போக வழியில்லை, பெற்றோல் இறங்க வழியில்லை. நாலு கிலோமீட்டரில எஞ்சினுக்குத் தொண்டை காய்ஞ்சு போச்சு. சார்ஜன்ட் வந்து குண்டு தேடி மூடியைத் திறந்தார். காத்து உள்ள போச்சு. பிறகு உதைச்சார். ஸ்டார்ட் ஆகாம என்ன செய்யும்? கோளாறைத் தன்ர கையாலயே திருத்திப்போட்டு, கோளாறே இல்லையெண்டு எழுதிவிட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு ராக்கம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. "மிஸ், பொட்டு வச்சதாலதான் இதெல்லாம்னு ராக்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க."

"சொல்லமாட்டன். ஓட்டும்."

நிலையத்துக்குத் திரும்பியபோது ஒன்றரை. மிஸ் நேரே நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி.யின் அறைக்குப் போனார். நான் வாசல் நிலையில் நின்றேன். ஓ.ஐ.சி. இளைஞர், கஞ்சி போட்ட சட்டை, மேசையில் ஒரு பேப்பர் இல்லை. மிஸ் சொன்னதை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டு ஹீன்கெந்தவைப் பார்த்தார். ஹீன்கெந்த வாய்விட்டுச் சிரித்தார்.

"பொட்டு வைத்ததால் பைக் நின்றதாம் சேர்!"

"அரை மணித்தியாலம் தருகிறேன்" என்றார் ஓ.ஐ.சி. "ஓட்டிப் பார்க்கட்டும். நிற்கவில்லை என்றால் நீங்கள் போய்விட வேண்டும். அந்தப் பெண்ணையும் வாசலில் இருந்து கூட்டிக்கொண்டு போங்கள். பார்க்கச் சகிக்கவில்லை."

ஒரு கொன்ஸ்டபிளை ஏற்றி அனுப்பினார்கள். போகவர ஐந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு வா என்று உத்தரவு. மிஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைக் சத்தம் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

பத்து நிமிடம் கழித்து அதே சத்தம் திரும்பி வந்தது. கொன்ஸ்டபிள் முற்றத்தில் ஒரு வட்டம் அடித்து, பிரேக் போட்டு, இறங்கி, பல்லைக் காட்டினான். பைக் ஒரு இடத்தில்கூட இருமவில்லையாம்.

மிஸ்ஸின் முகத்தில் இரத்தம் இல்லை. நான் அவருக்கு ஓட்டும் இந்த ஆறு வருடத்தில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை. ஹீன்கெந்த என் தோளில் ஓங்கித் தட்டினார். "போ, தேயிலை பறி" என்றார்.

அந்த நேரம் பார்த்து கேற்றுக்குள் ஒரு ட்ரக் நுழைந்தது. பச்சைத் தார்ப்பாய் போட்டது. இரண்டு மணி பத்து. ஐம்பது நிமிடம் முந்தியே வந்துவிட்டார்கள். வாசலில் ராக்கம்மா சோற்றுப் பார்சலோடு எழுந்து நின்றாள். ஒரு சத்தமும் போடவில்லை. போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சாப்பாட்டு நேரம் தாண்டிடுச்சு மிஸ், அதான் உங்களுக்கு மூள ஓடல்ல" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று. வராந்தாவில் ஒரு குண்டுக் கொன்ஸ்டபிள் சோற்றை ஒரு பிடி பிடித்துவிட்டு, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "அந்தா பாருங்க. பட்டினியா இருக்கிற நமக்கு மூச்சு நல்லாத்தான் வருது. வயிறு முட்டத் தின்னவருக்குத்தான் முட்டுது."

மிஸ் என் கையைப் பிடித்தார். நகம் பதிந்தது.

"என்ன சொன்னனீர்?"

"சும்மா பகிடிங்க மிஸ்…"

அவர் நான் சொன்னதைக் கேட்கவில்லை. ஓ.ஐ.சி.யின் அறைக்குள் ஏறக்குறைய ஓடினார்.

"ஒரே ஒரு விஷயம். செவ்வாய்க்கிழமை சோதனை போட்டதை எழுதியிருப்பீர்களே, அந்தப் பதிவை வாசிக்கச் சொல்லுங்கள்."

ஓ.ஐ.சி. சலித்துக்கொண்டே புத்தகத்தைத் திறந்தார். ஹீன்கெந்தவின் கையெழுத்து. அவரே உரக்க வாசித்தார். "பெற்றோல் டாங்க் திறந்து பார்க்கப்பட்டது. கழுத்து வரை பெற்றோல் நிறைந்துள்ளது. வேறு பொருட்கள் இல்லை."

"கழுத்து வரை" என்றார் மிஸ். "அதற்குப் பிறகு பைக்கை யாரும் ஓட்டவில்லை. ட்ரக்கில்தான் வந்தது. வாருங்கள், இப்போது திறந்து பார்ப்போம்."

முற்றத்தில் ஓ.ஐ.சி.யே மூடியைத் திறந்து டோர்ச் அடித்துப் பார்த்தார். டாங்கின் அடியில் இரண்டு கோப்பை அளவுக்குப் பெற்றோல் பளபளத்தது. மற்றதெல்லாம் வெறும் இரும்பு.

எல்லோரும் ஹீன்கெந்தவைப் பார்த்தார்கள். பெற்றோல் விலை மாதத்துக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்த வருடம் அது.

"வெயிலில் ஆவியாகியிருக்கும் சேர்" என்றார் ஹீன்கெந்த.

"ஆவி கேன் கொண்டுவந்ததா?" என்றார் மிஸ்.

பிறகு ஓ.ஐ.சி. பக்கம் திரும்பி, குரலை ஏற்றாமல் சொன்னார். "டாங்க் நிறைந்திருந்தால் உள்ளே காற்றுக்கு இடமே இல்லை. ஓட்டையும் அடைத்திருந்தால் சீக்கிரம் பெற்றோல் இறங்காமல் நின்றுவிடும். டாங்க் ஏறக்குறைய காலியாக இருந்தால் உள்ளே இருக்கும் காற்றே அதற்குப் போதும், இன்னும் கொஞ்ச தூரம் ஓடும். உங்கள் சார்ஜன்ட் பெற்றோலை எடுத்ததால்தான் இப்போது பைக் ஓடியது. இன்னொன்று. இந்த பைக்கும் இந்தப் புத்தகமும் கேஸோடு சேர்ந்து கொழும்புக்குப் போகும். அங்கே யாராவது இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், சாட்சிப் பொருளில் கை வைத்தது யார் என்று முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்."

ஓ.ஐ.சி.யின் காதுகள் சிவந்தன. அவருக்குக் கறுப்பையா மேல் இரக்கம் வந்ததென்று யாரும் நினைக்க வேண்டாம். தன் சட்டையில் உள்ள கஞ்சியைப் பற்றி யோசித்தார், அவ்வளவுதான்.

"நிரப்பு" என்றார்.

ஹீன்கெந்த அசையவில்லை.

"எங்கே வைத்திருக்கிறாயோ, அங்கே இருந்து எடுத்து வந்து நிரப்பு. பிறகு நீயே ஓட்டு."

பின்பக்க அறையில் இருந்து ஒரு மஞ்சள் கேன் வந்தது. டாங்க் கழுத்து வரை நிறைந்தது. மூடியைப் பூட்டினார்கள். ஹீன்கெந்த ஏறி உதைத்தார். ஒரே உதையில் ஸ்டார்ட். அந்தச் சத்தம் அவருக்கு முன்பு போல் இனிக்கவில்லை. பைக் முன்னால் போக, ஓ.ஐ.சி.யின் ஜீப் பின்னால் போக, அதற்குப் பின்னால் என் த்ரீவீலர். மிஸ் பின் சீட்டில் இருந்து கிலோமீட்டர் எண்ணிக்கொண்டு வந்தார்.

ஒன்று. இரண்டு. பைக் ஜாலியாக ஓடியது. மூன்று. மிஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டு ஏதோ தேவாரம் முணுமுணுத்தார். அவர் கோயிலுக்குப் போய் நான் பார்த்ததே இல்லை.

மூன்றரை தாண்டி, ஒரு சின்ன ஏற்றம். பைக் ஒரு தரம் விக்கியது. இரண்டு தரம் விக்கியது. பிறகு ஏற்றத்தின் பாதியில், ஒரு பலசரக்குக் கடைக்கு முன்னால், சும்மா நின்றுவிட்டது.

ஹீன்கெந்த உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். நான் பன்னிரண்டு வரை எண்ணினேன். தொப்பியைக் கழற்றிவிட்டு மேலும் உதைத்தார். கடையில் நின்ற நாலு பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள். ஓ.ஐ.சி. ஜீப்பில் இருந்து இறங்கி, அவரை விலக்கிவிட்டு, தானே உதைத்துப் பார்த்தார். மினுங்கும் சப்பாத்தில் தோல் உரிந்ததுதான் மிச்சம்.

"இப்போது மூடியைத் திறவுங்கள்" என்றார் மிஸ்.

திறப்பைப் போட்டு மூடியைத் தூக்கியதும் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். டாங்க் பெருமூச்சு விட்டது. ஓ.ஐ.சி. கொஞ்சம் பொறுத்து, காலை வைத்து ஒரு உதை விட்டார். பைக் கடகடவென்று ஸ்டார்ட் ஆனது.

அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. மூடியில் இருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்துவிட்டு, "கடவுளுக்குப் பொட்டு வையுங்கள். மெசினுக்கு எதற்கு இந்தச் சனியனைப் பூசுகிறீர்கள்?" என்றார்.

அவருடைய ஜீப்பின் ஸ்டியரிங்கில் பிக்குகள் ஓதிக் கொடுக்கும் பிரித் நூல் கட்டியிருந்தது. நான் அதைச் சொல்ல வாயெடுத்தேன். மிஸ் என் காலை மிதித்தார். குதிக்காலால் மிதித்தார்.

திரும்பி வந்தபோது மூன்றுக்குப் பத்து நிமிடம். ட்ரக்கில் ஏற்கெனவே ஐந்து பேர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். ஓ.ஐ.சி. பட்டியலை வாங்கி ஆறாவது பெயரை வெட்டினார். மற்ற ஐந்து பெயர்களும் அப்படியே இருந்தன. அவர்களுக்காகப் பேச ஒரு பைக்கும் இல்லை. ட்ரக் புறப்பட்டுப் போனது. சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில் எனக்கு அந்தத் தார்ப்பாயைப் பார்க்கவே முடியவில்லை.

ஹீன்கெந்த பைக் திறப்பை வாசலுக்குக் கொண்டுவந்து ராக்கம்மாவின் காலடியில் போட்டார். அவருக்குத் தமிழ் தெரியும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நல்ல தமிழ்.

"உன் புருஷனை உள்ளே போட்டது நாங்கள் இல்லை. நீ வைத்த பொட்டு. அதுதான் பைக்கை நிறுத்தியது. வீட்டுக்குப் போய் நன்றாக யோசி."

ராக்கம்மா எங்களைப் பார்த்தாள். பொய் சொல்ல மிஸ்ஸுக்கு வாய் வரவில்லை. எனக்கும் வரவில்லை. என் நாக்கு முதல் முறையாக லீவு எடுத்தது.

பத்து நிமிடத்தில் கறுப்பையா வெளியே வந்தான். செருப்பு இரண்டையும் கையில் பிடித்திருந்தான். சுவரைப் பிடித்து, தூணைப் பிடித்து, பிடிக்க எதுவும் இல்லாத இடத்தில் நின்றுவிட்டான். இரண்டு பாதமும் வீங்கி, செருப்புக்குள் நுழையாத அளவுக்கு இருந்தன. அடிப்பக்கம் கறுத்திருந்தது. எதனால் அடித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். அவன் என் காதருகே, "பைக்க நீங்க எடுத்துட்டு வாங்கண்ணே. என்னால உதைக்க ஏலாது" என்றான்.

ராக்கம்மா அவன் காலடியில் உட்கார்ந்து, தொடப் போய், தொடாமல் கையை எடுத்தாள்.

மிஸ் எந்த வாகனத்தின் சிதைவைப் பார்த்தும் முகம் மாறாதவர். அவருடைய குரல் அப்போது பிசகியது. "தம்பி, மூண்டு நாளா உன்னட்ட என்னதான் கேட்டவங்கள்?"

"ஒண்ணேதாங்க கேட்டாங்க மிஸ்" என்றான் கறுப்பையா. "பைக் ஏன் நின்னுச்சு, உண்மையச் சொல்லு, பைக் ஏன் நின்னுச்சுன்னு. எனக்குத் தெரியலியே. தெரிஞ்சிருந்தா மொத அடியிலயே சொல்லியிருப்பேனுங்களே."